முயலின் பொய்ச்சினை: கூடு கட்டும் நாட்களில் செய்ய வேண்டியதும், கருப்பையை எடுக்கும் நேரமும்

கேள்வி இது: 9 மாதப் பெண் முயல். கூட இருப்பதும் இன்னொரு பெண் முயல்தான். இரண்டு நாளாகத் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மூலையில் குவிக்கிறது. வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அலைகிறது. கையை நீட்டினால் உறுமிக்கொண்டு பாய்கிறது. இது சினையா, பொய்ச்சினையா? கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அது தேவையா, இப்போதே செய்யலாமா?

அடையாளங்கள் பொய்ச்சினையையே காட்டுகின்றன. ஆனாலும் அப்படி முடிவுகட்டும் முன், கூட இருக்கும் முயல் உண்மையிலேயே பெண்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குட்டியாக வாங்கும்போது ஆண், பெண் மாறிப்போவது முயல் வளர்ப்பில் மிகச் சாதாரணம். ஒருவர் உட்கார்ந்து முயலின் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்து, பின்புறத்தைக் கையில் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் பிறப்புறுப்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்த வேண்டும். பெண்ணுக்கு நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். ஆணுக்கு உருண்ட குழல் போன்ற நுனி வெளியே வரும். 3 மாதம் தாண்டிய ஆணுக்கு விதைப்பைகள் தெரிய வேண்டும்தான். ஆனால் பயந்த முயல் விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். எனவே விதை கண்ணில் படவில்லை என்பதை மட்டும் வைத்துப் பெண் என்று சொல்லிவிட முடியாது. விதை நீக்கிய ஆணாக இருந்தாலும், அறுவை முடிந்து 4 முதல் 6 வாரம் வரை அதனால் சினையாக்க முடியும்.

ஆணோடு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டென்றால் நாளை எண்ணுங்கள். மெய்ச்சினை 30 முதல் 32 நாள். பொய்ச்சினை 16 முதல் 18 நாளில் முடிந்துவிடும். மெய்ச்சினையில் முடி பிடுங்குவது பெரும்பாலும் குட்டி போடுவதற்கு ஓரிரு நாள் முன்போ, அன்றைக்கேயோ நடக்கும். ஆகவே ஆணைக் கண்டு 17 நாள் வாக்கில் முடி பிடுங்கினால் அது பொய்ச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சேர்ந்த நாள் தெரியாதென்றால் இந்தக் கணக்கு உதவாது; மருத்துவரிடம் காட்டும்வரை சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம். பழகிய கைக்கு 10 முதல் 14 நாளுக்குள் கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் தட்டுப்படும். பழகாத கை அவற்றை நசுக்கிவிடும், அல்லது புழுக்கை நிறைந்த குடலைக் குட்டி என்று எண்ணிவிடும். ஸ்கேன் இன்னும் நம்பகமானது. எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பு தெரிய 3 வாரத்துக்கு மேல் ஆக வேண்டும்.

ஆணே இல்லாமல் சினை வேடம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நாய்க்கும் மாட்டுக்கும் பருவம் சுற்றி வரும். அதற்குரிய நாளில் முட்டை தானாக வெளிவரும். முயலுக்கு அப்படி இல்லை. முட்டைகள் பெரும்பாலான நாட்களில் தயாராகவே காத்திருக்கும். இனச்சேர்க்கையின் தூண்டுதல் நரம்பு வழியாக மூளைக்கு எட்டினால்தான், சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில் அவை சினைப்பையை விட்டு வெளியேறும். அந்தத் தூண்டுதல் ஆணிடமிருந்துதான் வந்தது என்று உடலுக்குத் தெரியாது. இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் போதும். விதை நீக்கிய ஆண் ஏறினாலும் போதும். பக்கத்துக் கூண்டில் ஆண் இருப்பதே சில முயல்களுக்குப் போதும். முதுகின் கடைப்பகுதியை அடிக்கடி தடவுவதும் சிலவற்றைத் தூண்டக்கூடும். அதனால் பொய்ச்சினை திரும்பத் திரும்ப வரும் முயலை நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் தடவுவது நல்லது. இரண்டு பெண் முயல்கள் சேர்ந்திருக்கும் வீட்டில், யார் பெரியவள் என்று காட்ட ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அன்றாட வழக்கம். உங்கள் வீட்டிலும் காரணம் அநேகமாக இதுதான்.

முட்டைகள் வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திரட்சிகள் உருவாகி, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். கரு இருந்தால் அவை கடைசிவரை உழைக்கும். கரு இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்துச் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்க, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். முடி தளர்ந்து பிடுங்க வருவதும், கூடு கட்டும் வேகமும், மடி நிறைவதும் இந்தத் திருப்பத்தில் நடப்பவை. அதாவது, நீங்கள் கூட்டைப் பார்க்கும்போது பொய்ச்சினை முடியும் கட்டத்தில் இருக்கிறது. அதன் முதல் இரண்டு வாரம், 'என்னவோ இப்போதெல்லாம் சிடுசிடுக்கிறது, எதையாவது தோண்டிக்கொண்டே இருக்கிறது' என்று கவனிக்காமலே கடந்து போயிருக்கும்.

எனவே இனி இருப்பது சில நாட்கள்தான். அவற்றில் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம்.

கூட்டைக் கலைக்காதீர்கள். கலைத்தால் மறுபடியும் கட்டும். அதற்கு இன்னும் முடி வேண்டும். மிச்சமிருக்கும் முடியையும் பிடுங்கும். விளிம்பு தாழ்ந்த ஒரு அட்டைப்பெட்டியில் நிறையக் காய்ந்த புல்லைப் போட்டு அது கூடு கட்டிய மூலையிலேயே வையுங்கள். சிறுநீர் பட்டு நனைந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மூன்று முதல் ஐந்து நாளில் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அப்போது அள்ளிவிடலாம். இதற்கிடையில் கூட்டில் உண்மையாகவே குட்டிகள் தென்பட்டால், தாய் அதில் உட்காரவே இல்லையே என்று பதற வேண்டாம். தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள்.

முடி போன இடம் அலைதாடி, வயிறு, விலா என்று பரவலாக இருக்கும். முலைக்காம்புகள் வெளியே தெரியும். தோல் வழவழப்பாக, புண்ணில்லாமல் இருந்தால் ஒன்றும் பூச வேண்டாம். பூசுவதை எல்லாம் அது நக்கித் தின்றுவிடும். சில வாரத்தில் முடி வளர்ந்துவிடும். தோல் சிவந்து, செதில் உதிர்ந்து, சொறிந்துகொண்டும் இருந்தால் அது உண்ணியோ பூஞ்சையோ. பொய்ச்சினை என்று விட்டுவிடக் கூடாது.

பாலைப் பீய்ச்சக் கூடாது, மடியைத் தேய்த்துவிடவும் கூடாது. எடுக்க எடுக்க ஊறும், விட்டுவிட்டால் வற்றும். பெல்லட் தீவனத்தை வழக்கமான அளவில் பாதியாக்கி, காய்ந்த புல்லைக் கணக்கில்லாமல் கொடுக்கலாம். பால் வற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் பழைய யோசனை ஒன்று உலவுகிறது. அது முயலுக்குக் கொலை யோசனை. முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உள்ளே இருப்பது இறுகும், பிடுங்கும்போது விழுங்கிய முடியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

உறுமுவதற்கும் பாய்வதற்கும் தண்டிக்காதீர்கள். கையைக் கூண்டுக்குள் விடாமல் தட்டை நகர்த்தி வையுங்கள். சுத்தம் செய்வதை அது வெளியே இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். மற்ற முயலைத் துரத்திக் கடித்தால் இடையில் ஒரு கம்பித் தடுப்பு போதும். ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிந்தால் பழக்கம் விட்டுப்போகாது. வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டால் பிறகு சேர்த்து வைப்பது பெரும்பாடு.

இந்த நாட்களில் நிஜமான ஆபத்து இரண்டு. முதலாவது தீனி. கூடு கட்டும் ஓரிரு நாள் கொஞ்சம் குறைவாகத் தின்பது சகஜம். ஆனால் 12 மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தால், அல்லது புழுக்கை சிறுத்து நின்றுபோனால், குடல் நின்றுவிட்டது என்று கொண்டு அப்போதே மருத்துவரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது முயல் விஷயத்தில் கிடையாது.

இரண்டாவது மடி வீக்கம். முயலுக்கு 4 அல்லது 5 ஜோடி முலைக்காம்புகள். ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். லேசாகத் தடித்து மெத்தென்று இருந்தால் கவலை இல்லை. கல்போல் இறுகி, சூடாகி, சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தால், முயல் தொடவிடாமல் ஒடுங்கினால், அன்றைக்கே சிகிச்சை வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் பிழைப்பது கடினம். இந்த இடத்தில்தான் வீட்டு வைத்தியம் உயிரை எடுக்கிறது: அலமாரியில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, கடும் கழிச்சலில் முடியும். மனிதருக்கும் நாய்க்கும் சாதாரணமான மருந்து முயலுக்கு அப்படி இல்லை.

இனி அறுவை சிகிச்சை. 'பொய்ச்சினை வராமல் இருக்க' என்று மட்டும் காரணம் சொன்னால் பலரும் தயங்குவார்கள்; தயக்கம் நியாயமும்கூட. நாலு நாள் கூடு கட்டிவிட்டு ஓய்கிற ஒன்றுக்காக வயிற்றைத் திறப்பானேன்? வலுவான காரணம் வேறு. பெண் முயலுக்குக் கருப்பைப் புற்று மிக அதிகமாக வருகிறது. 4 வயது தாண்டியவற்றில் 50 முதல் 80 சதவீதம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அந்த எண்கள் குறிப்பிட்ட சில இன முயல்களை வயதாகும்வரை வளர்த்துப் பார்த்த பழைய ஆய்வுகளிலிருந்து வந்தவை. எல்லா வீட்டு முயலுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் வயது ஏற ஏற வாய்ப்பு ஏறுகிறது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புற்று மெதுவாக வளரும். வெளியே தெரிவதற்குள் நுரையீரலுக்குப் பரவியிருக்கலாம். புற்று இல்லாவிட்டாலும் கருப்பையில் சீழ் கோப்பது, நீர் கோப்பது, உட்சுவர் இரத்தக்குழாய் புடைத்து வெடித்து இரத்தம் கொட்டுவது என்று வரிசையாக இருக்கின்றன. முலையில் நீர்க்கட்டிகளும் இதோடு சேர்ந்து வருவதுண்டு.

முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். இங்கே ஒரு குழப்பம் வரும். தின்ற இலைதழையின் நிறமியால் முயலின் சிறுநீர் ஆரஞ்சாகவும் செங்கல் சிவப்பாகவும் போவது இயல்பு. நிறமி என்றால் சிறுநீர் முழுக்க ஒரே சீரான நிறம். ஓரிரு நாளில் மாறிவிடும். கருப்பை இரத்தம் என்றால் சிறுநீர் கழித்து முடியும் தறுவாயில் சொட்டாகவோ, கட்டியாகவோ, தனித் திட்டாகவோ விழும். சந்தேகம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து நாய், பூனையைவிட ஆபத்தானது. 2008-இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வில், மயக்கம் கொடுக்கப்பட்ட முயல்களில் 1.39 சதவீதம் இறந்தன. நாய்களில் இது 0.17, பூனைகளில் 0.24. ஆரோக்கியமான முயல்களை மட்டும் எடுத்தால் 0.73, அதாவது 137-இல் ஒன்று. அந்த ஆய்விலேயே இன்னொரு விஷயம்: முயல் இறப்புகளில் பாதிக்கு மேல் அறுவை மேசையில் நிகழவில்லை, அறுவைக்குப் பிறகான மணி நேரங்களில் நிகழ்ந்தன. உடல் குளிர்வது, வலி, தின்னாமல் இருப்பது ஆகியவற்றைக் கவனிப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இரண்டையும் தராசில் வைத்தால், முயலைத் தெரிந்த மருத்துவர் கிடைக்கும் பட்சத்தில், இளம் பெண் முயலுக்குக் கருப்பையை எடுத்துவிடுவதே சரி என்பது என் முடிவு. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம், கிடைக்கும்வரை தேடுங்கள்.

வயதைப் பொறுத்தவரை, சிறிய இனங்கள் 4 மாதத்திலேயே பருவமடையும். பெரிய இனங்களுக்கு 6 முதல் 8 மாதம்கூட ஆகும். பருவமடைந்ததும், 2 வயதுக்குள் செய்வது நல்லது. அதற்குள் கருப்பையில் மாற்றம் தொடங்கியிருக்காது. கருப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பும் சேர்ந்திருக்காது. வயதான, கொழுத்த முயலின் அந்தச் சவ்வு முழுக்கக் கொழுப்பாக இருக்கும். இரத்தக்குழாய் அதற்குள் புதைந்து, கட்டுப்போடும் நூல் நழுவும். உங்கள் முயலுக்கு 9 மாதம், வயது பொருத்தமானதே.

ஆனால் இப்போதே வேண்டாம். பொய்ச்சினையில் கருப்பையின் இரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், மடி பருத்திருக்கும், கத்தி வைப்பதோ அந்த இரண்டு மடி வரிசைகளுக்கு நடுவில். மேலும் இந்த ஹார்மோன் திருப்பத்தின் நடுவில் சினைப்பையை எடுத்தால் பால் வற்றாமல் இழுத்துக்கொண்டு போகக்கூடும். கூடு கலைந்து, மடி வற்றித் தட்டையாகி, அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து நாள் குறியுங்கள். அந்த இடைவெளியில் இரண்டு முயலும் ஏறி விளையாடினால் அடுத்த பொய்ச்சினை தொடங்கி, நாள் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே அறுவை நாள்வரை கம்பித் தடுப்பு இருக்கட்டும். கருப்பையிலிருந்து இரத்தம் வந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அப்போது உடனே செய்ய வேண்டியதுதான்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்றால் அது இது: "அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?" போட வேண்டும் என்று பதில் வந்தால் அவர் நாயையும் பூனையையும் மனதில் வைத்துப் பேசுகிறார். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. எனவே பட்டினியால் ஆதாயம் இல்லை, குடல் நிற்கும் ஆபத்துதான் மிச்சம். வாயில் உணவு ஒட்டியிருக்காமல் இருக்க மயக்கத்துக்கு முன் ஒரு மணி நேரம் தீனியை எடுத்தால் போதும். அதோடு, மாதத்துக்கு எத்தனை பெண் முயல்களுக்குச் செய்கிறார், மயக்கத்தில் மூச்சுவழியை எப்படிக் காப்பார், உடல் சூட்டை எப்படிக் காப்பார், வீட்டில் கொடுக்க எத்தனை நாள் வலிமருந்து தருவார் என்றும் கேளுங்கள். முதலில் ஊசியில் மயக்கி, பிறகு வாயு கொடுப்பவர் விஷயம் தெரிந்தவர். விழித்திருக்கும் முயலின் முகத்தில் நேராக வாயு மூடியை வைத்தால் அது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். (இதயத் துடிப்பு குறையும்போது கொடுக்கும் அட்ரோபின் மருந்தைச் சிதைக்கும் நொதி பல முயல்களின் உடலில் உண்டு, அதனால் முயல் மருத்துவர்கள் அதற்குப் பதிலாகக் கிளைகோபைரோலேட் மருந்தைக் கொடுப்பார்கள். இதை நீங்கள் கேட்டுப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. பேச்சில் வந்தால் ஆள் தேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம்.) 3 வயது தாண்டிய முயல் என்றால் இரத்தப் பரிசோதனையும், நுரையீரலைப் பார்க்க ஒரு மார்பு எக்ஸ்ரேயும் முன்னாலேயே எடுக்க வேண்டும்.

முந்தின வாரம் தீனியில் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். எடையைக் கிராமில் குறித்து வையுங்கள். வழக்கமாக ஒரு நாளில் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட வேறு அளவுகோல் இருக்காது. தாவர உண்ணிகளுக்கான மீட்புத் தீவனப் பொடி, 1 மில்லி சிரிஞ்சுகள் சில, துண்டுகள், படியேற வேண்டாத தட்டையான இடம் ஆகியவற்றை முன்னாலேயே தயார் செய்யுங்கள். மரத்தூளும் மணலும் புண்ணில் ஒட்டும். கழிப்புத் தட்டில் காகிதம் விரியுங்கள். அறுவைக்குப் போகும்போது அதன் வழக்கமான புல்லும் கொஞ்சம் கீரையும் கூடவே போகட்டும். விழித்ததும் மூக்குக்கு எதிரே பழகிய தீனி இருந்தால் சீக்கிரம் வாய் வைக்கும். முடிந்தால் துணை முயலையும் கூட்டிப்போய்ப் பக்கத்துப் பெட்டியில் வைக்கலாம்.

அறுவையில் நடப்பது சுருக்கமாக: தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஒரு சிறிய வெட்டு. வயிற்றுச் சுவரை ஒட்டியே மெல்லிய தோலுடைய குருட்டுக்குடலும் சிறுநீர்ப்பையும் இருப்பதால் முதல் வெட்டிலேயே கவனம் வேண்டும். முயலின் கருப்பை இரண்டு தனித்தனிக் குழல்கள். இரண்டுக்கும் தனித்தனி வாய், இரண்டும் ஒரே யோனிக்குள் திறக்கும். அந்த யோனி நீளமானது. சிறுநீர் அதற்குள் ஏறி நிற்கும். கட்டு சரியாக விழாவிட்டால் அந்தச் சிறுநீர் வயிற்றுக்குள் கசியும் என்பதால், எங்கே கட்டுவது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். சினைப்பைகளும் கருப்பையும் சேர்ந்தே வெளியே வரும். இளம் முயலுக்குச் சினைப்பையை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, வெட்டு சிறியது. வயதான முயலுக்கு அது பொருந்தாது, கருப்பையில் ஏற்கெனவே மாற்றம் தொடங்கியிருக்கலாம். வெளித்தோலில் நூல் தெரியாதபடி உள்தையல் போடுவதே நல்லது. முயல் நூலைக் கண்டால் கடித்து இழுக்காமல் விடாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சூடு. முயலின் இயல்பான உடல் சூடு சுமார் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 38-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கம் வையுங்கள். விலகிப்போக மறுபக்கம் இடமும் விடுங்கள்.

இரண்டாவது வேலை தீனி. அறுவை முடிந்த அன்று மாலைக்குள் ஏதாவது கொறிக்க வேண்டும். கொறிக்காவிட்டால் மீட்புத் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லி வீதம், நாளுக்கு மூன்று நான்கு வேளை கொடுக்கலாம். முன்பல்லுக்குப் பின்னால் பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில் அங்கே நுழைத்து, ஒரு தடவைக்கு அரை முதல் 1 மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போகும். மல்லாத்திப் பிடித்துக் கொடுக்கவே கூடாது. முழுதாக விழித்திராத முயலின் வாயிலும் எதையும் விடக் கூடாது. முதல் புழுக்கைகள் சிறிதாக, கோணலாக வரும், பரவாயில்லை. 24 மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் பரவாயில்லை என்று இருக்கக் கூடாது.

வலிமருந்தை 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று நடுவில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. இரை விலங்கு என்பதால் முயல் வலியை மறைக்கும். பாதிக் கண் மூடிக் கூனி உட்காருவது, பல்லை உரக்கக் கடிப்பது, காதைப் பின்னுக்கு ஒட்டிவைப்பது, வயிற்றைத் தரையில் அழுத்துவது: இவை வலியின் முகங்கள். வலித்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும். மெலாக்ஸிகாம் பெரும்பாலும் எழுதித் தரப்படும். எடைக்கு எடை பார்த்தால் முயலுக்கான அளவு நாய்க்கானதைவிட அதிகம். எனவே நாய்க்கான சீட்டைப் பார்த்துக் குறைக்காதீர்கள், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்.

கழுத்தைச் சுற்றிக் கட்டும் கூம்பு முயலுக்கு உகந்ததல்ல. ஆசனவாயிலிருந்து நேராக எடுத்துத் தின்னும் மென்புழுக்கையை அது தடுக்கும். முயல் அரண்டு தீனியை விட்டுவிடும். புண்ணை விடாமல் கடித்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு, வயிற்றைச் சுற்றி மெல்லிய துணிச் சட்டை போடலாம். புண்ணை நாளுக்கு இருமுறை பாருங்கள். லேசான தடிப்பு சகஜம். ஈரம், துர்நாற்றம், விரிசல், பெருகிவரும் மெத்தென்ற புடைப்பு ஆகியவை சகஜமல்ல. 7 முதல் 10 நாள் தாவலும் ஏறலும் வேண்டாம், குளிப்பாட்டவே வேண்டாம்.

ஹார்மோன்கள் அடங்க 4 முதல் 6 வாரம், சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஆகும். அறுவைக்கு மறுவாரமும் உறுமுகிறதே என்று ஏமாற வேண்டாம். தோண்டுவதும் கொறிப்பதும் முயலின் குணம். கருப்பையோடு அவை போய்விடாது. இடம் பிடிக்கச் சிறுநீர் தெளிப்பதும், காரணமின்றிப் பாய்வதும்தான் குறையும். எடை ஏறும் வாய்ப்பு கூடுவதால் பெல்லட் அளவைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பல மாதம் கழித்து மறுபடி முழு மூச்சாக முடி பிடுங்கிக் கூடு கட்டினால், சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வாயில் நாலு புல்லைக் கவ்விக்கொண்டு ஓடுவதை மட்டும் கண்டு அந்தச் சந்தேகம் வேண்டாம். கருப்பை எடுத்த முயலும் சில நேரம் அப்படி ஓடும்.

உங்கள் இரண்டாவது பெண் முயலுக்கும் இதே கருப்பைதான், இதே வயதுக் கணக்குதான். இரண்டுக்கும் ஒரே நாளில் செய்தால் இரண்டிலும் ஒரே மருத்துவமனை வாசனை இருக்கும். ஒன்று மற்றதை வேற்றாளாக நினைத்துத் தாக்குவது குறையும். ஆனால் அந்த இரவு இரண்டு முயலுக்குச் சிரிஞ்சில் ஊட்டவும், எந்தப் புழுக்கை எதனுடையது என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கவும் வீட்டில் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, இப்போது கூடு கட்டாத முயலை முதலில் அனுப்புங்கள்.